மலையே சாமின்னா, எங்க நின்னு வீடியோ எடுத்தீங்க?

ஓம் சரவணபவ.



போன வாரம் நம்ம குரூப்ல ஒரு பழைய வீடியோ மறுபடியும் சுத்துச்சு. திருவண்ணாமலை மலை உச்சி, விடியற்காலை நேரம், கீழே ஊர் முழுக்கப் பனி, பின்னாடி பக்திப் பாட்டு. அதுக்குக் கீழே நாலஞ்சு தம்பிங்க, "செம்ம அண்ணா, வழி யாராவது சொல்லுங்க, அடுத்த பௌர்ணமிக்கு ஏறிடலாம்"னு கேட்டிருந்தாங்க.

அந்த வீடியோவில் முதுகு காட்டி நிற்கிறவன் நான்தான். 2022-ல் எடுத்தது. என் பக்கத்தில் அதை அழித்து ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் அடுத்தவர் போனில் இருப்பதை நான் எப்படி அழிக்க முடியும்? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஷிஃப்ட் முடிஞ்சு படுத்துக்கிட்டே படிங்க.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். அந்த வருஷம் நண்பர்கள் மூணு பேரோட திருவண்ணாமலை போனேன். வனத்துறை அனுமதி இல்லாமல் மலையில் ஏறக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் இருட்டில் ஏறினோம். வீடியோ நல்லா ஓடுச்சு. ஒரு மாசம் நான் கம்பெனி கேன்டீனில் ஹீரோ.

எங்க தெரு முனையில் ஒரு மோமோ கடை இருக்கு. கடைக்காரர் டார்ஜிலிங்கைச் சேர்ந்த ஷெர்பா. நாங்க அண்ணான்னு கூப்பிடுவோம். இந்தி பாதி, தமிழ் பாதி பேசுவார். ஷெர்பான்னா மலையில் மூட்டை தூக்குற வேலைக்குப் பேருன்னு நானும் நினைச்சிருந்தேன். அது ஒரு மக்கள் இனத்தின் பெயர். அவங்க மொழியில் "கிழக்கிலிருந்து வந்தவங்க"ன்னு அர்த்தம். திபெத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து பல நூறு வருஷம் முன்னாடி மலை தாண்டி வந்து, நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரமான கும்புப் பகுதியில் குடியேறினவங்க. பிறகு அதில் பல குடும்பங்கள் டார்ஜிலிங் வந்தன. இவர் கடை போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சீசன் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வழியில் சுமை தூக்கியிருக்கார்.

மலைக்காரர் ஆச்சே, பாராட்டுவார் என்று அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன்.

"இது எந்தக் கோயில்?" என்றார்.

"கோயில் கீழ இருக்குண்ணா. இது மலை. எங்களுக்கு இந்த மலையே சாமி."

அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "மலையே சாமின்னா, எங்க நின்னு வீடியோ எடுத்தீங்க?"

எனக்குப் பதில் வரல. மோமோ ஆறிப் போச்சு.

அப்புறம் அவரே அவங்க ஊர் மலையைப் பத்திச் சொன்னார். நாம்சே பஜார் தாண்டி எவரெஸ்ட் பக்கம் நடக்கிறவங்க எல்லோரும் ஒரு மலையைக் கடந்துதான் போகணும். பேரு கும்பிலா. உயரம் 5,761 மீட்டர். அந்த ஊர்க் கணக்கில் இது பெரிய உயரமே இல்லை, சுத்தி இருக்கிறதெல்லாம் ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம். ஆனா செங்குத்தான பாறை, ஏறுவது கஷ்டம். கஷ்டம் என்பதால் மட்டும் அல்ல, அதில் யாரும் ஏறுவதில்லை. அங்கே குடியிருக்கிற தெய்வத்தின் பேர் கும்பு யுல் லா. "யுல்" என்றால் ஊர், நாடு. "லா" என்றால் தெய்வம். நம்ம பாஷையில் சொன்னா ஊர்க் காவல் தெய்வம். குதிரை மேல் வருகிற சாமி. கேட்டதும் எனக்கு எங்க ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார்தான் நினைவுக்கு வந்தார். அந்த மலைக்கு நேர் கீழேதான் கும்ஜுங், குண்டே என்ற ஊர்கள். 1953-ல் டென்சிங்கோடு எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1961-ல் பள்ளிக்கூடம் கட்டியது அந்தக் கும்ஜுங்கில்தான். உலகத்திலேயே உயரமான மலையில் ஏறினவர், யாரும் ஏறாத மலையின் காலடியில் போய்ப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார் பாருங்க.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வரும். ஷெர்பாக்கள்தானே எவரெஸ்ட்டில் ஏறுகிறார்கள்? எவரெஸ்ட்டும் அவர்களுக்குத் தெய்வ மலைதானே? அண்ணாவிடம் கேட்டேன். ஆமாம், அங்கே மியோலாங்சங்மா என்ற அம்மன் இருக்கிறாள் என்றார். ஏறும் முன் பேஸ் கேம்பில் கல் மேடை கட்டி, பூஜை போட்டு, மலை மேல் கால் வைக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்களாம். பூஜை முடியாமல் யாரும் மேலே போக மாட்டார்கள். ஆனால் கும்பிலாவுக்கு அந்தப் பூஜையும் கிடையாது, ஏறுவதும் கிடையாது. அதைக் கும்பிட்டுக் கடந்து போவார்கள், அவ்வளவுதான்.

ஏறலாம் என்று ஒரு மலை, கூடாது என்று ஒரு மலை. நம்மகிட்டேயும் இதே கணக்கு இருக்கு. நாம உட்கார்ந்து யோசிச்சதில்ல.

முருகனுக்கு மலை என்றால் உயிர். குறிஞ்சி நிலத்துக்கே அவர்தான் தெய்வம். திருத்தணிக்கு 365 படி ஏறுகிறோம். பழனியில் காவடியோடு ஏறுகிறோம். ஏறாமல் வந்தால்தான் குறை. ஏன்னா அங்கே முருகன் மலை மேலே நிற்கிறார். மலை அவருக்குப் பீடம். நம்ம ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையும் அப்படித்தான். சாமி மேலே இருக்கிறார், நாம பைக்கிலேயே கோயில் வரை போயிடறோம். அதில் தப்பு ஒண்ணும் இல்லை.

அண்ணாமலை அப்படி இல்லை. அங்கே சாமி மலை மேல் இல்லை, மலைதான் சாமி. அடி முடி தெரியாத நெருப்பாக நின்ற சிவன்தான் குளிர்ந்து மலையானார் என்பது தல புராணம். அந்தக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கோம். பெருமாள் வராகமாகி அடியைத் தேடிப் போனார், முடியாது என்று ஒத்துக்கொண்டு திரும்பினார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். அவரும் பார்க்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன் என்று சொல்லி, வழியில் விழுந்து வந்த தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். உச்சியைத் தொட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டவர் கதை அது! எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் கையில் இருந்த வீடியோதான் என் தாழம்பூ என்று மட்டும் தோணவே இல்லை.

"அப்போ கார்த்திகை தீபத்துக்கு மட்டும் ஏறுறாங்களே?" என்று ஒரு தம்பி ஏற்கெனவே கேட்டார். நல்ல கேள்வி. தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. கொப்பரையும் நெய்யும் திரியும் 2,668 அடி உச்சிக்குப் போய்த்தான் ஆகணும். பல வருஷம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பக்தர்களுக்கும் அனுமதி இருந்தது. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. தீபம் 11 நாள் எரிந்து முடிந்த பிறகு, சிவனாகவே வணங்கும் மலை மேல் கால் பட்டதற்காகப் பிராயச்சித்த பூஜை நடக்கும். சாமி காரியத்துக்கு, முறைப்படி ஏறினதற்கே மன்னிப்பு! எவரெஸ்ட் அடிவாரத்தில் ஏறும் முன்பு கேட்கிறார்கள், இங்கே இறங்கிய பிறகு கேட்கிறார்கள். நான் கேட்டேனா? இறங்கி வந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடியோவை எடிட் பண்ணினேன்.

ரமண மகரிஷி மலையிலேயே இருந்தாரே என்றும் கேட்கலாம். 1896-ல் வந்தவர், பல வருஷம் விருபாக்ஷி குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். (முருகன் பேரால் ஸ்கந்தாசிரமம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதைக் கட்ட உழைத்த அடியார் பேர் கந்தசாமி, அதனால் வந்த பேராம். முருகன் பேர் வந்த கணக்குதான், விடுங்க.) அவர் அங்கே போனது ஊரை மறந்து உட்கார. நான் போனது ஊருக்குக் காட்ட. அவரும் மலையை எத்தனையோ முறை வெறுங்காலில் சுற்றி நடந்தவர்தான்.

நம்ம அடியார்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கூச்சப்பட்டிருக்காங்க என்று பெரிய புராணத்தில் பாருங்க. காரைக்கால் அம்மையார் கயிலை போகிறார். அந்த மலையில் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போகிறார். அப்பர் சுவாமிகள் கயிலையைப் பார்க்க நடந்தே கிளம்பி, கால் தேய்ந்து, பிறகு மார்பால் ஊர்ந்து, உடம்பு ஓய்ந்தும் விடாமல் போகிறார். இறைவன் அவரை அங்கே ஏற விடவில்லை. ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழ வைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுக்கிறார். போய்ச் சேராதவருக்குத்தான் காட்சி கிடைத்தது.

அந்தக் கயிலை 6,638 மீட்டர். உச்சியில் ஏறியதாக இன்றுவரை பதிவு கிடையாது. 52 கிலோமீட்டர் சுற்றி நடக்கிறார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் ஏறி முடித்த ரெயின்ஹோல்ட் மெஸ்னர்கூடக் கயிலையில் ஏறவில்லை. மோமோ அண்ணா வீட்டு வாசலிலிருந்து தெரிகிற கஞ்சன்ஜங்கா கதையும் இப்படித்தான். உலகின் மூன்றாவது உயர்ந்த மலை, 8,586 மீட்டர். 1955 மே 25-ல் ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் முதன்முதலாக ஏறினார்கள். சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அத்தனை தூரம் போய், கடைசிச் சில அடியை விட்டுட்டு வர எவ்வளவு மனசு வேணும்! அவங்களுக்கு அந்தச் சாமி மேல் நம்பிக்கைகூடக் கிடையாது. நம்பினவங்க கிட்டே கொடுத்த வாக்கு, அவ்வளவுதான்.

எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் மலையை வேற மாதிரி பார்த்துப் பழக்கம். பாராமகால் என்றாலே கோட்டை மலைகள்தான். மலை என்றால் பிடிக்க வேண்டிய இடம். 1791-ல் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க ஏறிப் பார்த்து முடியாமல் திரும்பியது என்று சரித்திரம் படிக்கிறோம். இப்போ கோட்டைக்குப் பதிலா கிரானைட். பஸ்ஸில் போகும்போது பாதி வெட்டின குன்றுகளை ஜன்னல் வழியா பார்க்கலாம், கேக் வெட்டின மாதிரி நேர்க்கோட்டில் இருக்கும். அந்தக் கல்லில்தான் எங்க வீட்டு சமையல் மேடையும் இருக்கு, நான் யாரையும் குறை சொல்ல வரல. ஆனா மலையைப் பார்த்ததும் "இதை என்ன பண்ணலாம்"னு தோணுற கண்ணோடதான் நான் வளர்ந்தேன். வீடியோ எடுத்ததும் அதே கண்தான்.

இந்தக் கதையெல்லாம் எங்க ஆயாகிட்டே சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். அவங்க கேட்டது ஒண்ணுதான்: "செருப்பு போட்டுக்கிட்டா ஏறுன?"

ஷூ போட்டிருந்தேன். பொய் சொல்ல வாய் வரல. ஆயா எழுந்து விளக்கு ஏத்தப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரிதான் வீடியோவை அழிச்சேன்.

2024 டிசம்பர் 1 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலை சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். சில பேர் இதைச் சாமி கோபம் என்று ஃபார்வர்டு போட்டார்கள். தயவு செய்து அப்படிப் போடாதீங்க. மழையில் ஊறிய மண் சரிந்தது, பாவம் ஏழைக் குடும்பங்கள் போச்சு. அந்த மாசம் 13-ம் தேதி தீபத்துக்கு, கொப்பரை, நெய் கொண்டு போகிறவர்கள் தவிர பக்தர்கள் யாரையும் மேலே விடவில்லை. நம்ம குரூப்பிலேயே அதற்கு எத்தனை கோபம்! எனக்கு மட்டும் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2022-ல் இருட்டில், பாதை தெரியாமல் நாங்கள் ஏறும்போது என் கால் பட்டு ஒரு கல் உருண்டு போனது. ரொம்ப நேரம் சத்தம் கேட்டது. அப்போ சிரித்தோம். கீழே வீடுகள் இருக்கு என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோணல.

சரி, ஏறாமல் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்றேன், இதுதான் பதிவின் முக்கியமான பாடம்.

உச்சியில் நின்றபோது எனக்கு ஊர் தெரிந்தது, கோபுரங்கள் தெரிந்தன, ரோடு தெரிந்தது, போனில் சிக்னல் நல்லா இருந்தது. மலை மட்டும் தெரியல. காலுக்குக் கீழே இருந்தா எப்படித் தெரியும்? சுற்றி நடந்தால் 14 கிலோமீட்டரும் அது உங்கள் கூடவே வரும். கோபுரத்து வாசலில் ஒற்றை முகடாக நிற்கும். கொஞ்சம் நடந்து திரும்பினால் இரண்டாகப் பிரியும். ஆதி அண்ணாமலை பக்கம் போனால் நீங்கள் பார்த்த மலைதானா என்று சந்தேகம் வரும். குபேர லிங்கம் பக்கம் ஐந்து முகமாகத் தெரியும், பஞ்சமுக தரிசனம் என்பார்கள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கமும் வழியில் வரும். அவசரப்படாதீங்க. நாலு மணி நேரத்தில் முடிச்சேன், மூணரையில் முடிச்சேன் என்று நேரம் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறதும் ஏறுறது மாதிரிதான், வேற வகை. அண்ணாமலையாரே வருஷத்தில் இரண்டு முறை, தீபத்தை ஒட்டியும் தை மாதத் திருவூடலை ஒட்டியும், கிரிவலம் வருகிறார். அவரே தன்னைச் சுற்றி நடக்கிறார் என்றால் நமக்கு என்ன அவசரம்?

முருகன் பிள்ளைகள் கிளம்பும் முன் கோயிலுக்குள் கம்பத்து இளையனாரைப் பார்க்காமல் போகாதீங்க. அருணகிரிநாதருக்காக, பிரபுட தேவராய மன்னன் முன்னாடி முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம். அருணகிரிநாதர் வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறியது, வாழ்க்கை போதும் என்று கீழே விழத்தான். முருகன் கையில் தாங்கினார். மலையின் பேரையே தன் பேராக வைத்திருந்த மனுஷர் அவர்.

இன்னொன்று, பழனி போகிறவர்களும் கவனிங்க. முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடி, பிறகு மலையைச் சுற்றி ஒரு வலம், அப்புறம்தான் படி என்று பெரியவர்கள் வைத்தது சும்மா இல்லை. வழியில் இடும்பன் சந்நிதி வரும். இரண்டு மலையைக் காவடியாகத் தோளில் தூக்கி வந்தவர். நெற்றியில் பட்டை மாட்டி, முப்பது கிலோவுக்கு மேலே முதுகில் சுமந்து கும்பிலாவைக் கடந்து போவேன் என்று மோமோ அண்ணா சொன்னபோது எனக்கு இடும்பன்தான் கண் முன்னாடி வந்தார்.

போன பௌர்ணமிக்கு அண்ணாவையும் கூட்டிப் போனோம். கடையை ஒரு நாள் மூடிவிட்டு வந்தார். ஓசூரில் மதியம் பஸ் ஏறி, சூளகிரி, கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். செங்கம் தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது. அதுவரை ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டு வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை.

ராஜகோபுரத்துக்கு முன்னாடி செருப்பைப் பையில் கட்டும்போது கேட்டார், "மலை எந்தக் கைப்பக்கம் இருக்கணும்?"

"வலது கைப்பக்கம்ணா."

சிரித்தார். அவங்க ஊர்ப் பாதையில் மந்திரம் செதுக்கின கற்களை அடுக்கிச் சுவர் மாதிரி வைத்திருப்பார்களாம், மணிச் சுவர் என்று பேர். எவ்வளவு சுமை முதுகில் இருந்தாலும், சுற்றுவழி ஆனாலும், அதை வலது கைப்பக்கம் விட்டுத்தான் கடப்பார்களாம். "அப்போ எனக்கு வழி தெரியும், வாங்க" என்று அவர் முன்னாடி நடந்தார்.

அந்த வீடியோ யார் போனில் இருந்தாலும் அழித்துவிடுங்கள். வழி கேட்ட தம்பிகளுக்கு: அடுத்த பௌர்ணமிக்கும் மதியம் 2 மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருப்போம். தண்ணி பாட்டில், ஒரு துண்டு, செருப்பு வைக்க ஒரு பை போதும். முதல் ஷிஃப்ட்காரங்க முன்கூட்டியே பெர்மிஷன் போட்டு வைங்க. ஆயாவும் வர்றாங்க, அதனால மெதுவாத்தான் நடப்போம்.

முருகா சரணம்.